விடைபெறுவதும் ஒரு டியூட்டிதான்

தனியார் மருத்துவமனையில் முதல் வேலைக்குச் சேரும் செவிலியர்கள் பலர் ஓரிரு ஆண்டுகளில் விலகிவிடுகிறார்கள். அரசு வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வு, வளைகுடா வாய்ப்பு, திருமணம், ஓயாத நைட் டியூட்டி என்று காரணங்கள் பல. படித்த செவிலியத்துக்கும் வார்டில் பார்க்கும் செவிலியத்துக்கும் உள்ள இடைவெளி புதியவர்களை எப்படி நிலைகுலைய வைக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974-லேயே தனி நூலாக எழுதினார். ஆகவே விலகுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை; விலகும் விதத்தில்தான் சிக்கல். சம்பளம் ஏறிய மறுநாள் போனை அணைத்துவிட்டுக் காணாமல் போகிறவர்கள் ஒருபுறம். நர்சிங் சூப்பரிண்டெண்ட் முன்னால் சொல்லத் துணிவில்லாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, கடைசியில் அழுது மன்னிப்புக் கேட்கிறவர்கள் மறுபுறம். இரு தரப்பினரும் விலகலை நன்றி, விசுவாசம், கோபம் என்ற கணக்கில் பார்க்கிறார்கள். ஷிப்ட் முடிந்ததும் நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது எப்படிக் கடமையோ, வேலையை விட்டுப் போவதும் அப்படியே என்று எடுத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் வார்டின் நிலையைப் பார்ப்போம். தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. அங்கே ஒருவர் சொல்லாமல் நின்றுவிட்டால் அந்த இடம் காலியாகக் கிடப்பதில்லை. ஏற்கெனவே பன்னிரண்டு மணி நேரம் நின்ற இன்னொருவர் அதை நிரப்புகிறார். களைத்த கையில் மருந்தின் அளவு தவறலாம். நோட்டீஸ் பீரியட் முதலாளிக்குச் செய்யும் சலுகை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அந்த நாட்கள் முதலில் காப்பது நோயாளியையும் உடன் வேலை பார்க்கும் தோழிகளையும்தான். அடுத்த மாத டியூட்டி ரோஸ்டர் போடுவதற்கு முன் வார்டு இன்சார்ஜிடம் நேரில் சொல்லிவிட்டு, அன்றே ராஜினாமா கடிதம் கொடுப்பது நல்லது. விலகும் முடிவு, கடைசி வேலை நாள், பொறுப்புகளை ஒப்படைத்துவிட்டுப் போகும் உறுதி இவை கடிதத்தில் இருந்தால் போதும். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு நகல் வாங்கிவைக்க வேண்டும், அல்லது எச்.ஆர். மின்னஞ்சலுக்கும் அனுப்ப வேண்டும். போதை மருந்துப் பதிவேடு, சாவிகள், அவசர சிகிச்சை டிராலியின் சரிபார்ப்பு ஆகியவற்றைக் கையெழுத்தோடு ஒப்படைத்தால், பிறகு ஒரு ஆம்பியூல் குறைகிறது என்ற பழி நம் தலையில் விழாது.

அடுத்தது விலகுபவரின் சொந்த நலன். வளைகுடா நாடுகளில் உரிமம் கேட்பவரின் அனுபவச் சான்றை டேட்டாஃப்ளோ போன்ற நிறுவனங்கள் பழைய மருத்துவமனையிடமே நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கின்றன. சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவிப் பெயர் இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் விண்ணப்பம் இழுபடும். சொல்லாமல் போனவருக்கு அந்தச் சான்றை உறுதிசெய்து எழுதித் தர அங்கே யாருக்கும் ஆர்வம் இருக்காது. ரிலீவிங் ஆர்டரிலும் எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட்டிலும் உள்ள தேதிகள் ஒத்துப்போகின்றனவா, பி.எஃப். கணக்கில் விலகிய நாள் பதிவாகியிருக்கிறதா என்று வெளியேறும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். பி.எஃப். பணத்தை உடனே எடுக்காமல் அடுத்த வேலைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. மாத ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுச் சேவை தேவை, முதல் வேலையின் ஆண்டுகளும் அதில் சேரும்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். நம்மை மதிக்காத இடத்துக்கு நாம் ஏன் இத்தனை ஒழுங்கு காட்ட வேண்டும்? 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், இருநூறு படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு ஊதியத்துக்கு இணையாகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பல இடங்களில் அது ஏட்டளவில்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, இத்தனை காலம் விலக மாட்டேன் என்று எழுதி வாங்கும் பாண்டு, அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவைக்கும் பழக்கம். கோபம் வருவது இயல்பு. ஆனால் ஓடிப்போனால் அந்தக் கோபத்துக்கு இருக்கும் பலமும் போய்விடும். கல்விச் சான்றிதழ் விற்பனைச் சரக்கல்ல, அதை ஈடாகப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விருப்பமில்லாதவரை வேலை செய்யச் சொல்லி நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாது. அதற்காக பாண்டு எல்லாமே வெற்றுக் காகிதம் என்று நம்புவதும் தவறு: மூன்றாண்டு முடியும் முன் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற வங்கி ஒன்றின் நிபந்தனை 2025-ல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. எனவே கையெழுத்திட்டதைப் படித்து, கேட்கும் தொகை நியாயமானதா என்று வழக்கறிஞரிடம் கேட்பதே வழி. அப்படிப் பேச உட்காரும்போது, முறையாக நோட்டீஸ் கொடுத்தவரின் கை ஓங்கியிருக்கும்.

இன்னொரு மறுப்பும் உண்டு: நாகரிகம் என்ற பெயரில் அநீதியை விழுங்கச் சொல்கிறீர்களா? இல்லை. ராஜினாமா கடிதம் புகாருக்கான இடமல்ல என்பதுதான் வாதம். புகாருக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. பாலியல் தொந்தரவு என்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழுவிடம் மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்கலாம். ராஜினாமா செய்துவிட்டதால் அந்த உரிமை போய்விடாது. உடலுக்கோ மனத்துக்கோ ஆபத்து என்ற நிலையில் நோட்டீஸ் முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. காரணத்தை எழுத்தில் பதிந்துவிட்டு, ஒப்பந்தம் இடம் தந்தால் நோட்டீஸ் காலத்துக்கான சம்பளத்தை ஈடுசெய்துவிட்டு வெளியேறலாம்.

மருத்துவமனைக்கும் இதில் பாதிப் பங்கு உண்டு. விலகியவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களில் கொடுக்கச் சொல்கிறது 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு. அதைச் செய்யாமல், சான்றிதழையும் தராமல் அலையவிடும் நிர்வாகம், சொல்லாமல் ஓடும் வழக்கத்தைத் தானே வளர்க்கிறது. ஒருவரின் ராஜினாமா எப்படி நடத்தப்படுகிறது என்பதை வார்டில் இருக்கும் மற்ற இளம் செவிலியர்கள் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். தங்கள் முறை வரும்போது கடிதம் கொடுப்பதா, போனை அணைப்பதா என்பதை அதைப் பார்த்தே முடிவுசெய்வார்கள்.