பிள்ளையவர்கள் கேட்ட வினா

பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்துவிட்டு வடக்கு நோக்கி நடந்தால், பாளையத்தில் பல்கலைக்கழகக் கல்லூரியைக் காண்கிறோம். அது மகாராஜா கல்லூரியாக இருந்த நாளில், குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-இல் பிறந்த எஸ். எஸ். பிள்ளை, நாகர்கோவிலில் பயின்றபின் இங்கு வந்து பி. ஏ. கற்றார், பின்னர் எண் கணிதத்தில் உலகப் புகழ் எய்தினார்.

அவர் எழுப்பிய வினா ஒன்றை நாமும் ஆராய்வோம். 1 முதல் 11 வரையுள்ள எண்களைப் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் 3,99,16,801 கிடைக்கும். இது பகா எண். ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாது. இதனை 11-ஆல் வகுத்தால் மீதி 1. இவ்வாறு எந்த எண் வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினாலும், வரும் தொகையை மீதியின்றி வகுக்கும் பகா எண், அந்தக் கடைசி எண்ணால் வகுக்கப்படும்போது எப்போதும் 1-ஐயே மீதியாகத் தருமா? இதுவே வினா.

தராது என்று கணித அறிஞர் சௌலா காட்டினார். 18 வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வரும் பதினாறு இலக்க எண்ணை 23 மீதியின்றி வகுக்கிறது. ஆனால் 23-ஐ 18-ஆல் வகுத்தால் மீதி 5. இத்தகையவை இன்று ‘பிள்ளைப் பகா எண்கள்’ எனப்படுகின்றன. அவற்றுக்கு முடிவில்லை என்பதும் நிறுவப்பட்டுள்ளது.

1950 ஆகஸ்டு 31-இல், அமெரிக்காவில் கூடவிருந்த கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் பிள்ளையவர்கள் மறைந்தார். விடை ‘இல்லை’ என்றானபோதும் வினாவும் பெயரும் நிலைத்தன. ஆதலின், நம் குழந்தைகள் கேட்கும் வினாக்களைப் பிழையென்று அடக்காதிருப்போமாக.