தேவ்நார் குப்பை மின்சாரம்: குழாய்கள் எழுப்பும் கேள்வி

புதுதில்லி: தாராவி மறுசீரமைப்பில் ‘தகுதியற்றோர்’ என ஒதுக்கப்படும் குடும்பங்களுக்கு வீடு கட்ட, தேவ்நார் குப்பை மேட்டின் 124 ஏக்கர் நிலத்தை வழங்க மகாராஷ்டிர அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. அதே மேட்டின் மற்றொரு பகுதியில், குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைக்காக 2020இல் சென்னை நிறுவனம் ஒன்றுக்கு மும்பை மாநகராட்சி ஒப்பந்தம் வழங்கியிருந்தது. நாளொன்றுக்கு 600 டன் குப்பை, 4 மெகாவாட் மின்சாரம் என்பது அப்போதைய அறிவிப்பு. தலைமுறைகளாகத் தாராவியில் வாழும் தமிழர்களில் எத்தனை பேர் இந்த ஆலையின் அண்டை வீட்டாராவர் என்பது அரசியல் கேள்வி. அதற்குள் ஓர் உலோகவியல் கேள்வியும் அடங்கியிருக்கிறது.

அறிவிப்பின் கணக்கை முதலில் பார்ப்போம். 4 மெகாவாட் என்றால் நாளொன்றுக்கு 96,000 யூனிட். டன்னுக்கு 160 யூனிட். எரிக்கத் தக்கதென 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வகுத்த குப்பையில் கிலோவுக்குக் குறைந்தது 1,500 கிலோகலோரி வெப்பம் இருக்க வேண்டும். அந்த வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட மின்சாரமாவதில்லை என்பதே இதன் பொருள். உற்பத்தியை இரட்டிப்பாக்கினாலும் ஐந்தில் ஒரு பங்கை எட்டாது.

ஈரக் குப்பையும், ஆலை தனக்கே செலவிடும் மின்சாரமும் இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம் கொதிகலனின் குழாய்களில் இருக்கிறது.

தேவ்நாருக்கு அருகே டிராம்பேயில் இருப்பது போன்ற பெரிய அனல்மின் நிலையங்களில் நீராவி சுமார் 540 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றப்படுகிறது. அந்த வெப்பத்தில் எஃகு உருகாது. ஆனால் அழுத்தத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் மயிரிழை மயிரிழையாக நீளும். உலோகவியலார் ‘தவழ்வு’ என்று கூறும் இந்தக் குணத்தைக் கணக்கிட்டே, ஒரு லட்சம் மணி நேரத்துக்கு மேல் தாங்கும் குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகுகள் அங்கு பயன்படுத்தப்படுகின்றன. குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்கி, ஆக்சிஜன் உள்ளே புகாமல் காக்கிறது.

குப்பை எரியும் உலையில் அந்தப் படலம் நிலைப்பதில்லை. பி.வி.சி. பிளாஸ்டிக்கிலும் உணவுக் கழிவின் உப்பிலும் உள்ள குளோரின் படலத்தின் விரிசல் வழியே நுழைந்து, இரும்புடன் சேர்ந்து இரும்புக் குளோரைடாகிறது. அது ஆவியாகி வெளியேறும் வழியில் ஆக்சிஜனைச் சந்தித்து ஆக்சைடாக மாற, குளோரின் விடுதலை பெற்று மீண்டும் உள்ளே செல்கிறது. திருடிய பொருளை வாசலில் போட்டுவிட்டு மறுபடி வீட்டுக்குள் நுழையும் கள்வனைப் போன்றது இது; சிறிதளவு குளோரினே பெருந்தேய்மானத்துக்குப் போதும். ஆகவேதான் உலகெங்கும் குப்பை ஆலைகள் பெரும்பாலும் சுமார் 400 டிகிரி நீராவியுடன் நின்றுவிடுகின்றன. குழாய்கள் மீது நிக்கல் உலோகக்கலவையைப் பற்றவைத்துப் பூசி, ஆம்ஸ்டர்டாம் ஆலை 440 டிகிரி வரை சென்றது. நிக்கல் மலிவான பொருளன்று.

இத்தகைய உலோகக்கலவைகளுக்கான திறன் நம் நாட்டில் இல்லாமலில்லை. 700 டிகிரி நீராவியைத் தாங்கும் அனல்மின் தொழில்நுட்பத்துக்காகக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், பெல், தேசிய அனல்மின் கழகம் ஆகியவை இணைந்த ரூ.1,554 கோடி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2016இல் ஒப்புதல் அளித்தது. ஆனால் அது நிலக்கரிக்கானது; குப்பையின் குளோரின் வேறு விவகாரம்.

இதனால் மக்களுக்கு என்ன? டயாக்சின் நச்சு சிதைவதற்காக உலை வாயு 950 டிகிரியில் குறைந்தது 2 விநாடி இருக்க வேண்டும் என்றன 2016ஆம் ஆண்டின் விதிகள். அரிக்கப்பட்ட குழாய் வெடித்தால் உலையை அணைத்துக் குளிரவைத்து, பழுது நீக்கி, மீண்டும் மூட்ட வேண்டும். வெப்பம் இறங்கி ஏறும் அந்த நேரங்களில்தான் டயாக்சின் அதிகம் வெளிப்படும். குழாய் வாங்குவதில் மிச்சப்படுத்தும் பணத்துக்கு விலை கொடுப்பது அக்கம்பக்கத்தார் நுரையீரல். 2016 ஜனவரியில் தேவ்நார் மேடு பற்றி எரிந்த புகையைச் செம்பூரும் கோவண்டியும் மறந்திருக்க முடியாது.

தலைநகருக்கும் அனுபவம் உண்டு. தில்லி திமார்பூரில் 1987இல் டென்மார்க் தொழில்நுட்பத்தில் அமைந்த 300 டன் ஆலை, ஈரமும் மண்ணும் கலந்த குப்பை எரிய மறுத்ததால் சில வாரங்களிலேயே முடங்கியது.

கொடுங்கையூர் எரியுலைத் திட்டத்தை எதிர்த்து வட சென்னை மக்கள் 2025இல் மனிதச் சங்கிலி அமைத்தனர். தேவ்நாரோ கொடுங்கையூரோ, ஒப்பந்தப் பத்திரத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் சில உள்ளன: குழாய்கள் எந்த உலோகக்கலவை, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றப்படும், செலவு யாருடையது, உலை நின்று எழும் நாட்களின் புகை அளவும் பொதுமக்களுக்கு வெளியிடப்படுமா?