பணியாளர் ஊக்குவிப்பு

பணியாளர் ஊக்குவிப்பு என்பது ஒருவர் தன் பணியைக் கட்டாயத்தினால் அன்றி ஈடுபாட்டுடன் செய்வதற்கான சூழலை ஏற்படுத்த மேலாளர்கள் எடுக்கும் முயற்சிகளைக் குறிக்கும். மேலாண்மையியல், உளவியல் ஆகிய இரு துறைகளிலும் இது ஆராயப்படுகின்றது.

கோட்பாடு

அமெரிக்க உளவியலாளர் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவரது குழுவினரும் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் நேர்கண்டு, தம் முடிவுகளை 1959 இல் நூலாக வெளியிட்டனர். ஊதியம், மேற்பார்வை, பணியிட வசதி ஆகியவை குறைந்தால் மனக்குறை தோன்றும். ஆனால் அவற்றைச் சரிசெய்வதால் மட்டும் ஈடுபாடு பிறப்பதில்லை. சாதனை, அங்கீகாரம், பொறுப்பு, வளர்ச்சி ஆகியனவே ஈடுபாட்டைத் தருகின்றன என்பது இவர்களின் கருத்து. ஊதியத்தை இவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட இயலாது எனப் பின்வந்த ஆய்வாளர் சிலர் மறுத்துள்ளனர்.

தென்சென்னைப் புறநகர் எடுத்துக்காட்டு

1996 இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தாம்பரத்தில் ஒரு சிறு குடியிருப்பில் தொடங்கப்பட்ட மென்பொருள் நிறுவனம், 2009 இல் ஜோஹோ எனப் பெயர் மாறியது. இதன் வளாகம் தாம்பரத்துக்குத் தெற்கே, கூடுவாஞ்சேரி அருகே வல்லாஞ்சேரியில் உள்ளது.

இந்நிறுவனம் 2000களின் நடுப்பகுதியில் ஆறு மாணவர்களுடன் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்போ பட்டயப் படிப்போ முடித்தவர்கள் இதில் சேர்க்கப்பட்டனர். கட்டணம் இல்லை, மாறாக உதவித்தொகை வழங்கப்பட்டது. கணிதம், ஆங்கிலம், நிரலாக்கம் ஆகியவற்றைக் கற்றபின் மாணவர்கள் நிறுவனக் குழுக்களிலேயே பயிற்சிப் பணியாளராகச் சேர்ந்தனர். பொறியியல் கல்லூரிகள் வரிசையாக நிற்கும் வட்டாரத்தில், பட்டம் இல்லாதவரை நிரலாளராக ஏற்பது அன்று துணிவான முடிவே.

ஊக்குவிப்பு நோக்கில் பார்த்தால் இங்கு பரிசோ பாராட்டுச் சான்றிதழோ முதன்மை அல்ல. கற்றதை உண்மையான மென்பொருளில் பயன்படுத்தும் வாய்ப்பு இளம் வயதிலேயே கிடைத்தது. ஒருவரது மதிப்பெண்ணை விட அவர் எழுதிய நிரல் கவனிக்கப்பட்டது. ஹெர்ஸ்பெர்க் குறிப்பிட்ட பொறுப்பும் வளர்ச்சியும் இவையே. பள்ளியில் பயின்ற பலர் பின்னர் அந்நிறுவனத்திலேயே பொறியாளர்களாயினர்.

வரம்புகள்

பணிப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் ஊக்குவிப்பு முயற்சிகள் எடுபடுவது கடினம். அதே ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலைநகரில் இருந்த ஃபோர்டு கார் ஆலையில் உற்பத்தி நிறுத்தப்படும் என 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. 2022 இல் தொழிலாளர்கள் இழப்பீட்டுத் தொகைக்காகப் போராடினர். அவ்வாண்டே ஆலையில் கார் உற்பத்தி முடிவுக்கு வந்தது. தலைமையகம் எடுக்கும் இத்தகைய முடிவை ஆலை மேலாளர் மாற்ற இயலாது. தமக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் காலத்தே அறிவிப்பதும், வேறு பணி தேடுவோருக்கு உதவுவதுமே அவர் கையில் எஞ்சுகின்றன.