பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் வழி

புனே மாநகரின் வடபகுதியில், முளா ஆற்றை ஒட்டி அமைந்துள்ளது போபோடி. அதன் அருகிலுள்ள கட்கியில் படைக்கலத் தொழிற்சாலையும் இராணுவக் குடியிருப்புகளும் உள்ளன. தமிழகத்திலிருந்து வேலை தேடி வந்த குடும்பங்கள் பல இப்பகுதிகளில் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே சாவித்திரிபாய் புலே புனே பல்கலைக்கழகம் உள்ளது. அதன் வாயிலைப் பேருந்தில் கடந்து செல்வோர் பலர். உள்ளே சென்று கண்டோர் சிலரே.

இப்பல்கலைக்கழகம் 1949 பிப்ரவரி 10 அன்று தொடங்கப்பட்டது. சட்ட அறிஞர் எம். ஆர். ஜயகர் இதன் முதல் துணைவேந்தர் ஆவார். 2014ஆம் ஆண்டு இதற்குச் சாவித்திரிபாய் புலேயின் பெயர் சூட்டப்பட்டது. அவர் 1848இல் தம் கணவர் ஜோதிராவ் புலேயுடன் இணைந்து புனேயில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கியவர். பாடம் கற்பிக்க நடந்து சென்ற அவர்மீது சிலர் சேற்றை வீசினர் என்றும், அதனால் அவர் மாற்றுச் சேலை ஒன்றை உடன் எடுத்துச் சென்றார் என்றும் கூறுவர். பள்ளிக்குச் செல்லும் வழியே அவருக்குப் போராட்டக் களமாயிற்று.

இன்று அவ்வழி எளிதாகியுள்ளது. 2023 ஆகஸ்டு முதல் போபோடியில் மெட்ரோ தொடர்வண்டி நின்று செல்கிறது. அதில் ஏறிச் சிவாஜிநகரில் இறங்க வேண்டும். அங்கிருந்து கணேஷ்கிண்ட் சாலை வழியாக ஔந்து, பாணேர், பாஷாண் ஆகிய ஊர்களை நோக்கிச் செல்லும் பேருந்துகள் பல்கலைக்கழகச் சந்திப்பைக் கடந்தே செல்லும். நடத்துநரிடம் ‘வித்யாபீட்’ என்று கூறினால் போதும். மராத்தியில் இச்சொல் ‘கல்வியின் இருக்கை’ எனப் பொருள்படும். தமிழில் பல் + கலை + கழகம் எனப் பிரித்தால், பல கலைகளைக் கற்கும் அவை என்னும் பொருள் விளங்கும்.

வளாகம் ஏறத்தாழ 400 ஏக்கர் பரப்புடையது. பெருமரங்கள் அடர்ந்திருப்பதால் புதிதாக வருவோர் திசை தடுமாறுவது இயல்பு. ஆகவே, எந்த வாயிலில் நுழைந்தோம் என்பதை முதலில் நினைவில் கொள்ளுதல் வேண்டும். பின்னர் மூன்று இடங்களை அடையாளமாகக் கொள்ளலாம். முதலாவது, கோபுரத்துடன் கூடிய முதன்மைக் கட்டடம். ஆங்கிலேயர் காலத்தில் பம்பாய் ஆளுநர் மழைக்காலத்தில் தங்கிய மாளிகை இதுவே. இரண்டாவது, முதல் துணைவேந்தரின் பெயர் தாங்கிய ஜயகர் நூலகம். மூன்றாவது, வானியல் ஆய்வு மையமான ஐயூக்கா. வானியல் அறிஞர் ஜயந்த் நார்லிகர் 1988இல் இதனை நிறுவினார். இதன் முற்றத்தில் ஆரியபட்டர், கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டீன் ஆகியோரின் சிலைகள் உள்ளன. பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளையொட்டி நடைபெறும் விழாவில் பொதுமக்களும் மாணவர்களும் இம்மையத்தைக் கண்டு மகிழ்வர்.

வழி தெரியாதபோது கேட்பதற்குத் தயங்குதல் கூடாது. வீட்டில் தமிழும் தெருவில் மராத்தியும் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசும் மாணவருக்கு வழி கேட்க மொழிகள் பல துணை நிற்கின்றன. பெயர்ப் பலகைகளைப் படித்தறியவும் அவை உதவும்.

பெற்றோர் இந்நகருக்கு உழைக்க வந்தனர். அவர்கள் நாள்தோறும் கடந்து செல்லும் வாயிலுக்குள் பிள்ளைகள் கற்பதற்காக நுழைதல் இயலும். இன்று விருந்தினராக வழியறிந்து வரும் சிறுவரும் சிறுமியரும் நாளை மாணவராக அங்கே நடக்கலாம்.

பயிற்சி

1. ‘பல்கலைக்கழகம்’ – பிரித்து எழுதிப் பொருள் கூறுக.
2. சாவித்திரிபாய் மாற்றுச் சேலையை எடுத்துச் சென்றது ஏன்?
3. உமது வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் வழியை ஐந்து தொடர்களில் எழுதுக.