குழாய் மாறினால் ஜெட்டும் ஏன் மாற வேண்டும்?

பனிவண்டியின் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் சைலன்சர் குழாயின் வேலை புகையை வெளியேற்றுவது மட்டுமல்ல. நடுவில் பருத்து முனையில் குறுகும் அந்தக் குழாயில் ஓடும் அழுத்த அலை, குறுகிய முனையில் மோதித் திரும்பி, எரியாமல் நழுவிய கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. வேறு வடிவக் குழாயை மாட்டினால் அலை திரும்பும் நேரம் மாறும். உச்ச வேகத்தில் இன்ஜினுக்குள் கூடுதல் காற்று தங்கக்கூடும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டோ பழைய துளையோடே நிற்கிறது. காற்றுக்கு ஈடாகப் பெட்ரோல் வராவிட்டால் கலவை மெலியும், சூடு ஏறும், அலுமினிய பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடும்.

பெரிய ஜெட்டாகப் போட்டால் போதாதா என்று கேட்கலாம். தொடங்குவதற்கு அதுவே பாதுகாப்பான வழி. ஆனால் அதிலேயே நின்றுவிட்டால் ஸ்பார்க் பிளக்கில் கரி படியும், இழுவை குறையும். குழாயோடு வரும் ஜெட் அட்டவணை போதும் என்பதும் முழு உண்மையல்ல, ஏனெனில் குளிருக்கும் உயரத்துக்கும் ஏற்பக் காற்றின் அடர்த்தி மாறும். மைனஸ் 30 டிகிரி செல்சியஸில் காற்று, 0 டிகிரியில் இருப்பதைவிடச் சுமார் 12 சதவீதம் அடர்த்தியானது. 3,000 மீட்டர் உயரக் கொலராடோ மலைகளிலோ அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. அந்த மலைக்குப் பொருத்திய சிறிய ஜெட்டோடு மினசோட்டாவின் உறைந்த ஏரியில் முழு வேகத்தில் ஓட்டினால் பிஸ்டன் தாங்காது. எனவே இறுதித் தீர்ப்பு பிளக்கிடம்தான்: முழு த்ராட்டிலில் ஓட்டி, அப்படியே இன்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பீங்கான் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. ஈரக் கரியாக இருந்தால் அதிகம். இளம்பழுப்பாக இருந்தால் சரி.