தோற்ற மேட்சை நோட்டில் எழுதினால் ரேங்க் ஏறுமா? ஃபைட்டிங் கேம் பயிற்சியும் போடி இளைஞர்களும்

‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’, ‘டெக்கன்’ மாதிரியான ஃபைட்டிங் கேம்களை தினமும் 2 மணி நேரம் ஆடியும் ரேங்க் அப்படியே நிற்கிறது என்று பலர் புலம்புவதைக் கேட்கலாம். பெருநகரங்களில் இருப்பவர்களுக்கு எதிரே உட்கார்ந்து ஆட ஆள் கிடைக்கும், தப்பைச் சுட்டிக்காட்ட சீனியர் கிடைப்பார். போடிநாயக்கனூர் மாதிரி ஏலமலை அடிவார ஊரில் ஆடுபவருக்கு இருப்பது ஒரு திரை, ஒரு இணைய இணைப்பு, முகம் தெரியாத எதிராளி. கோச் இல்லாத அந்த இடத்தை 40 பக்க நோட்டு ஒன்று ஓரளவு நிரப்பும். எப்படி?

ஆள் துணை அவ்வளவு முக்கியமா?

2019-ல் பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த அர்ஸ்லான் ஆஷ், ‘ஈவோ ஜப்பான்’, லாஸ் வேகாஸ் ‘ஈவோ’ என டெக்கன் விளையாட்டின் இரண்டு பெரிய பட்டங்களை ஒரே வருடத்தில் வென்றார். அதுவரை அந்த நாட்டை உலக அளவில் யாரும் கணக்கில் எடுத்ததே இல்லை. தென்கொரியாவின் பிரபல ஆட்டக்காரர் ‘நீ’, என்னதான் ரகசியம் என்று பார்க்க பாகிஸ்தானுக்கே போய் அங்குள்ளவர்களோடு மோதினார். பலரிடம் தோற்கவும் செய்தார். ரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்திலேயே பலமான எதிராளிகள், விடாத மோதல், தோற்றவுடன் ‘ஏன் தோத்தேன்?’ என்ற பேச்சு.

இந்தக் கடைசி விஷயம்தான் தனியாக ஆடுபவருக்குக் கிடைக்காதது. தோற்றதும் விரல் தானாகவே ‘மறுபடி ஆடு’ பட்டனுக்குப் போய்விடுகிறது. காரணம் தெரியாமலே அடுத்த மேட்ச், அதே அடி, அதே தோல்வி.

செஸ்ஸில் இது பழைய பழக்கம்

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. அதிகாரப்பூர்வ கிளாசிக்கல் செஸ் போட்டியில் ஒவ்வொரு நகர்வையும் ஸ்கோர்ஷீட்டில் எழுத வேண்டும் என்பது சர்வதேச செஸ் சம்மேளனத்தின் விதி. 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆன குகேஷ் முதல், மாவட்டப் போட்டியில் ஆடும் பள்ளிக் குழந்தை வரை எல்லோரும் எழுதித்தான் ஆடுகிறார்கள். மேட்ச் முடிந்தபின் அந்தத் தாளை வைத்துக்கொண்டு எங்கே சறுக்கியது என்று தேடுவார்கள். ஃபைட்டிங் கேமில் ஆடிக்கொண்டே எழுத முடியாது. ஆனால் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8 இரண்டிலும் மேட்ச் ரீப்ளேயாகச் சேமிக்கப்படுகிறது. டெக்கன் 8-ல் ரீப்ளேயின் நடுவிலேயே புகுந்து, அதே கட்டத்தை மறுபடி ஆடிப் பார்க்கவும் முடியும்.

‘ஃபிரேம்’ கணக்கு என்றால் என்ன?

இந்த கேம்கள் ஒரு நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுகின்றன. ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. கண்ணால் பார்த்து விரல் அசைய மனிதருக்கு சுமார் 200 முதல் 250 மில்லிநொடி ஆகும். அதாவது 12 முதல் 15 ஃபிரேம்.

டெக்கனில் வேகமான சாதாரண குத்து 10 ஃபிரேமில் வந்து விழுகிறது. பார்த்துத் தடுப்பது நடக்காத காரியம். வரும் என்று முன்பே ஊகிக்க வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் ‘டிரைவ் இம்பாக்ட்’ அடி கிளம்ப 26 ஃபிரேம், கிட்டத்தட்ட 433 மில்லிநொடி. காகிதத்தில் பார்த்தால் தாராளமான நேரம். இருந்தும் ஆரம்ப நிலை ஆட்டக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், காரணம் அந்த நொடியில் கவனம் வேறெங்கோ இருக்கிறது. ‘எதிராளி எந்த நேரத்தில் அதை அடிக்கிறான்?’ என்று நோட்டில் இருந்தால், அடுத்த முறை கண் அங்கே காத்திருக்கும்.

தடுத்த பிறகான கணக்கும் உண்டு. டெக்கனில் ஒரு அடியைத் தடுத்ததும் எதிராளி 10 ஃபிரேம் தாமதமாகத்தான் அசைய முடியும் என்றால், எட்டும் தூரத்தில் இருக்கும்வரை நம் 10 ஃபிரேம் குத்து நிச்சயம் விழும். தெரிந்தவருக்கு இலவச அடி. தெரியாதவர் தடுத்துவிட்டு சும்மா நிற்பார்.

நோட்டில் எதை எழுதுவது?

எல்லாவற்றையும் எழுதினால் மூன்றாம் நாளே நோட்டு மூலைக்குப் போய்விடும். ஏலத்தோட்டக் கணக்குதான் இதற்கும். சுமார் 5 கிலோ பச்சைக்காயை ஸ்டோரில் உலர்த்தினால் மிஞ்சுவது 1 கிலோ. 5 மேட்ச் ஆடினால் ஒரு வரி மிஞ்சினால் போதும்.

ஒவ்வொரு தோல்வியையும் மூன்றில் ஒன்றாகப் பிரிக்கலாம்:

* தெரியாத தப்பு: அந்த அடிக்கு என்ன பதில் என்றே தெரியவில்லை. மருந்து: பயிற்சி அறையில் அதே அடியை பொம்மைக்கு அடிக்க வைத்துப் பதில் தேடுவது.
* முடிவெடுத்த தப்பு: பதில் தெரியும், ஆனால் பதற்றத்தில் வேறு செய்தது. மருந்து: அந்தப் பழக்கத்தை மட்டும் அடுத்த சில மேட்ச்களில் கவனிப்பது.
* கை தப்பு: சரியாக நினைத்தும் பட்டன் விழவில்லை. மருந்து: திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது.

உதாரணத்துக்கு ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்: ‘கென் கூட ஆட்டம். மூலையில மாட்டினா ஒவ்வொரு தடவையும் குதிக்கிறேன். 4 தடவை குதிச்சு 3 தடவை அடி. முடிவு தப்பு. நாளைக்கு: மூலையில முதல்ல தடு, அப்புறம் யோசி.’ இலக்கணம் பார்க்க வேண்டாம். ‘மோசமா ஆடினேன்’ என்பது மட்டும் கூடாது. அதிலிருந்து நாளைக்குச் செய்ய ஒன்றும் கிடைக்காது.

கூடவே இணைப்பு எப்படி இருந்தது என்றும் ஒரு குறி போடுவது நல்லது. மழை நாளில் சிக்னல் தடுமாறும் ஊரில், நெட் தாமதத்தால் விழுந்த அடியைத் தன் தப்பு என்று எண்ணி சரியான பழக்கத்தையே மாற்றிவிடும் ஆபத்து இருக்கிறது. எல்லாப் பழியையும் நெட் மேல் போடுவது அதற்கு எதிர்ப்பக்க ஆபத்து. ரெண்டையும் ரீப்ளே பிரித்துக் காட்டும்.

இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்டால்?

கேள்வி நியாயமானது. 2023 ஹாங்ஷூ ஆசிய விளையாட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 பதக்கப் போட்டியாக இருந்தது. இந்தியாவிலிருந்து மயங்க் பிரஜாபதியும் அயன் பிஸ்வாஸும் கலந்துகொண்டார்கள். தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. விரல் வேகம் மட்டுமே ஆட்டமாக இருந்தால் அந்த வயதில் அது நடந்திருக்காது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. மின் விளையாட்டுகளைத் தனியே பிரித்து அங்கீகரித்தது. ஃபைட்டிங் கேமும் பணம் கட்டும் ரம்மியும் ஒன்றல்ல என்று வீட்டில் சொல்ல இது உதவும். ஆனால் இந்த விளையாட்டில் வருமானம் காண்பவர்கள் மிகச் சிலர்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். படிப்பை விட்டுவிட்டு இறங்கும் வழி அல்ல இது.

நேரத்துக்கும் நோட்டு ஒரு கடிவாளம். 5 மேட்ச், ஒரு ரீப்ளே, ஒரு வரி என்று வைத்துக்கொண்டால் எப்போது எழுந்திருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். எழுத ஒன்றும் தோன்றாத அளவுக்குக் களைத்துவிட்டால், அன்றைக்கு ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம்.