நாளைக் கணிக்கும் கலை: யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கம்

ஆறுமுக நாவலர் மறைந்தது 1879 டிசெம்பர் 5. பாடநூல்களில் இருப்பது இந்தத் திகதிதான். ஆனால் அவருடைய குருபூசை டிசெம்பர் 5ஐப் பார்த்து நடப்பதில்லை. கார்த்திகை மாத மக நட்சத்திரம் என்றைக்கு வருகிறதோ அன்றைக்கு நடக்கிறது. யோகர் சுவாமிகள் 1964 மார்ச்சில் சமாதியடைந்தார். அவருக்குப் பங்குனி ஆயிலியம். குருபூசைக்கு நட்சத்திரம், வீட்டில் செய்யும் ஆட்டைத் திவசத்துக்குத் திதி, சாதகத்துக்கு இரண்டும். பிறப்பையும் இறப்பையும் ஊர்த் திருவிழாவையும் யாழ்ப்பாணம் இன்றும் வானத்தைக் கொண்டே நாட்குறிக்கிறது.

அந்தக் கணக்கு முழுவதும் ஒரு மெல்லிய புத்தகத்துக்குள் அடங்கியிருக்கிறது. கொக்குவில் சோதிடப் பிரகாச யந்திரசாலையின் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம், மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கம் இரண்டும் குடாநாட்டில் நன்கு அறியப்பட்டவை. நல்ல நேரமும் இராகுகாலமும் பார்க்கத்தான் பெரும்பாலும் அதைப் புரட்டுகிறோம். அதன் அடித்தளம் வேறு. சூரியனும் சந்திரனும் வரும் ஆண்டின் ஒவ்வொரு நாளும் வானில் எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே சொல்லும் கணிதம் அது. முன்கூட்டிச் சொன்னதை வானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்படிப் பார்க்க முடிவதுதான் இந்தக் கலையின் பெருமை என்பது என் எண்ணம்.

திதியும் நட்சத்திரமும் பிறக்கும் விதம்

கடிகாரத்தில் நிமிட முள் மணி முள்ளைத் துரத்திப் பிடித்துத் தாண்டுவதுபோல, வானில் சந்திரன் சூரியனைத் துரத்துகிறது. இரண்டும் ஒரே திசையில் சேர்ந்திருக்கும் கணம் அமாவாசை முடியும் கணம். அங்கிருந்து சந்திரன் ஒவ்வொரு 12 பாகை முன்னேறும்போதும் ஒரு திதி முடிகிறது. 180 பாகையில் பூரணை முடியும். 360 பாகையில் மறுபடி அமாவாசை. ஆக 30 திதிகள். இந்தச் சுற்றுக்குச் சராசரியாக 29.53 நாள் எடுக்கிறது. அதனால் ஒரு திதி சராசரியாக ஒரு நாளைவிடச் சற்றுக் குறைவு: 23 மணி 37 நிமிடம்.

நட்சத்திரத்துக்குச் சந்திரன் மட்டும் போதும். வான்வட்டத்தை 27 ஆகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 13 பாகை 20 கலை. சந்திரன் எந்தப் பிரிவில் நிற்கிறதோ அதுவே அன்றைய நட்சத்திரம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பிள்ளை பிறந்த வேளையில் சூரியன் 110 பாகையிலும் சந்திரன் 250 பாகையிலும் இருந்ததாக வைத்துக்கொள்வோம். சூரியன் 90க்கும் 120க்கும் இடையில், அதாவது கடகத்தில் நிற்கிறது. எனவே ஆடி மாதம். இடைவெளி 140 பாகை. 12ஆல் வகுத்தால் பதினொரு திதி முடிந்து பன்னிரண்டாவது நடக்கிறது: வளர்பிறைத் துவாதசி. துவாதசி முடிய இன்னும் 4 பாகை உண்டு. சந்திரன் சூரியனைவிட நாளொன்றுக்குச் சராசரியாக 12.2 பாகை கூடுதலாக நகர்வதால், ஏறக்குறைய 20 நாழிகையில், அதாவது 8 மணித்தியாலத்தில், திரயோதசி தொடங்கிவிடும். 250 பாகை பத்தொன்பதாம் பிரிவில் விழுகிறது. எனவே மூல நட்சத்திரம், அதிலும் முக்கால் பங்கு கடந்தாயிற்று. வாரம், யோகம், கரணம் ஆகிய மற்ற மூன்று அங்கங்களும் இதே எண்களிலிருந்தும் கிழமையிலிருந்தும் வருபவைதான்.

சந்திரனின் பாதை நீள்வட்டம் என்பதால் அது ஒரே வேகத்தில் நகர்வதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைகிறது, தொலைவில் தளர்கிறது. ஆகவே ஒரு திதி 20 மணித்தியாலமாகச் சுருங்கவும் 26 மணித்தியாலத்துக்கு மேல் நீளவும் கூடும். ஒரு சூரிய உதயத்துக்குப் பின் தொடங்கி அடுத்த உதயத்துக்குள் முடிந்துவிடும் திதியும் உண்டு. இரண்டு உதயங்களைத் தொடும் திதியும் உண்டு. பஞ்சாங்கத்தில் அவமாகம், திரிதினஸ்பிருக் என்று குறித்திருப்பது இந்த நாட்களைத்தான்.

நல்லூர்க் கொடியேற்றம் நகரும் கணக்கு

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆடி அமாவாசையிலிருந்து எண்ண ஆறாம் நாள் கொடியேறுகிறது. 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். அண்மைய ஆண்டுகளின் கொடியேற்ற நாட்களை வரிசையாக வைத்தால் வானத்தின் கணக்கு தெரிந்துவிடும்: 2022இல் ஓகஸ்ட் 2, 2023இல் ஓகஸ்ட் 21, 2024இல் ஓகஸ்ட் 9, 2025இல் ஜூலை 29.

பன்னிரண்டு அமாவாசைச் சுற்றுக்கு 354 நாள். சூரிய ஆண்டைவிட அது 11 நாள் குறைவு. அதனால்தான் 2023இலிருந்து 2025 வரை திருவிழா ஆண்டுக்கு 11, 12 நாளாக முன்னுக்கு வந்தது. ஆனால் 2022இலிருந்து 2023க்கு அது 19 நாள் பின்னுக்குப் போனது ஏன்? அந்த ஆண்டு ஆடி மாதத்தில் இரண்டு அமாவாசை வந்தது. ஜூலை 17இல் ஒன்று, ஆடி முடியும் தறுவாயில் ஓகஸ்ட் 16இல் மற்றொன்று. பிந்தியதைக் கொண்டு ஆறாம் நாள் எண்ணினால் ஓகஸ்ட் 21. சூரியனின் மாதத்துக்குள் சந்திரனின் நாளைத் தேடுவதால், ஓடிவரும் சந்திர ஆண்டு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இப்படித் தன்னைத் திருத்திக்கொள்கிறது. பருவம் மாறாமல் திருவிழா நிற்கிறது.

இறந்த நாளுக்கு ஒரு வெண்பா

வீட்டளவில் இந்தக் கணக்கு மிகத் தெளிவாகத் தெரிவது கல்வெட்டில். 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வருவோர் கையில் கொடுக்கும் நினைவு மலரையே கல்வெட்டு என்கிறோம். அதில் படத்துக்கும் தேவாரத்துக்கும் அருகே 'திதி நிர்ணய வெண்பா' என்று நான்கு அடி இருக்கும். ஆண்டு, மாதம், பூர்வபக்கமா அபரபக்கமா என்பது, திதி, இறந்தவர் பெயர் அத்தனையும் தளை தட்டாமல் அந்த நான்கு அடிக்குள் வரவேண்டும். பேரப்பிள்ளைக்கும் திவச நாள் மறவாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. நூலக நிறுவனம் இத்தகைய மலர்களையும் பழைய பஞ்சாங்கங்களையும் எண்ணிமப்படுத்தி வைத்திருப்பது குடும்ப வரலாறு தேடுவோருக்குப் பெரும் உதவி.

வெண்பாவில் ஒரு சிக்கலும் உண்டு. ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். நாவலர் மறைந்த பிரமாதி ஆண்டு 1939இலும் வந்தது, 1999இலும் வந்தது. வெண்பாவின் பக்கத்திலேயே ஆங்கிலத் திகதியையும் போட்டுவைப்பது பின்வருவோருக்குச் செய்யும் நன்மை.

வாக்கியம்: மனப்பாடத்தில் ஒரு கணினி

தொலைநோக்கி இல்லாத காலத்தில் சந்திரனின் இடத்தை நாள்தோறும் எப்படிக் கணித்தார்கள்? சந்திரன் பூமிக்கு மிக அருகில் வரும் நிலையிலிருந்து மறுபடி அதே நிலைக்கு வர 27.55 நாள் ஆகிறது. அப்படி ஒன்பது சுற்றுக்குக் கிட்டத்தட்டச் சரியாக 248 நாள். எனவே 248 நாளுக்குச் சந்திரனின் இடத்தைக் கணித்து வைத்தால், அந்த அட்டவணையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அந்த 248 இடங்களும் வடமொழிச் சிறு வாக்கியங்களாக அமைக்கப்பட்டன. அவற்றை இயற்றியவர் வரருசி என்பது மரபு.

எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறைதான் இதன் சூட்சுமம். க என்றால் 1, ல என்றால் 3. எண்களை வலமிருந்து இடமாக வாசிக்கவேண்டும். அப்படியானால் 'கலா' என்ற சொல் 31. வாக்கியத்தை ஒப்புவிக்கத் தெரிந்தவருக்குச் சந்திரனின் பாகையும் கலையும் நாவிலேயே இருக்கும். கலியுகத் தொடக்கத்திலிருந்து கழிந்த நாட்களில் ஒரு நிலையான தொகையைக் கழித்து, மீதியை 12,372, 3,031, 248 என்ற எண்களால் அடுத்தடுத்து வகுத்து, மிஞ்சும் எண்ணுக்குரிய வாக்கியத்தை எடுத்து, சிறு திருத்தங்களைச் சேர்த்தால் விடை கிடைக்கும்.

ஜோன் வாரன் இதை நேரில் கண்டு, 1825இல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலித' நூலில் பதிந்திருக்கிறார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் சோழிகளைத் தரையில் பரப்பி, அட்டவணைகளை நினைவிலிருந்தே சொல்லி, 1825 மே 31, ஜூன் 1 இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடந்தான். நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகியது. தாளும் எழுதுகோலும் இல்லாமல் இவ்வளவு நெருங்கியது வியப்பு. முடிவில் ஒரு மணிநேரம் அளவுக்கு விலகியதும் உண்மை.

1829 மார்ச் 20, வட்டுக்கோட்டை

இதே விலகல் நான்கு ஆண்டின் பின் யாழ்ப்பாணத்தில் பெரும் விவாதமாயிற்று. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியின் தலைவராக இருந்தவர் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டானியல் பூர். அயலூரான அராலியில் விசுவநாத சாஸ்திரியார் இருந்தார். வண்ணைக் குறவஞ்சி பாடிய புலவர், ஊரே நம்பிய பஞ்சாங்கக் கணிதர். 1829 மார்ச் 20 மாலை நிகழவிருந்த பகுதிச் சந்திர கிரகணம் பற்றி இருவர் கணக்கும் வேறுபட்டன. எப்போது தொடங்கும், நிலவில் எவ்வளவு மறையும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்ற மூன்றிலும் வேறுபாடு. அன்று வானம் பூரின் கணக்கையே உறுதிசெய்தது.

மிஷன் தரப்பு அதை மத வாதத்துக்குப் பயன்படுத்தியது. ஆனால் அங்கே நடந்தது இரண்டு கணக்குகளின் ஒப்பீடு. பழைய அட்டவணையை நெடுங்காலம் வானத்தோடு ஒத்துப் பார்க்காமல் விட்டதன் விளைவு அது. சரிபார்ப்பது வெளியிலிருந்து வந்த வழக்கமும் அன்று. கேரளத்துப் பரமேசுவரர் ஐம்பது ஆண்டுக்கு மேல் கிரகணங்களைக் கண்டு பதிந்து, 1431இல் திருத்திய 'திருக்கணித' முறையைத் தந்தவர். சென்னை வானாய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாசாரி பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவதானிப்போடு ஒத்த பஞ்சாங்கத்தை வெளியிட்டார்.

இரண்டு பஞ்சாங்கம் ஏன் வேறுபடுகின்றன?

சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தை வாக்கியம் ஒன்றாகவும் திருக்கணிதம் வேறொன்றாகவும் சொல்வதைப் பத்திரிகையில் ஆண்டுதோறும் பார்க்கிறோம். வாக்கிய முறையில் ஓர் ஆண்டு 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. இன்றைய அளவீட்டில் விண்மீன்களை வைத்து அளந்த ஆண்டு 365 நாள் 6 மணி 9 நிமிடம் 10 விநாடி. ஆண்டுக்கு 3 நிமிடம் 20 விநாடி வித்தியாசம் சிறிதுதான். 100 ஆண்டில் அதுவே ஐந்தரை மணித்தியாலமாகிறது.

திதியில் வரும் வேறுபாட்டுக்குக் காரணம் சூரியனின் ஈர்ப்பு. அது சந்திரனின் ஓட்டத்தை ஓயாமல் இழுத்து அசைக்கிறது. அமாவாசையிலும் பூரணையிலும் இந்த அசைவின் விளைவு வாக்கிய அட்டவணைக்குள்ளேயே ஓரளவு அடங்கிவிடும், ஏனெனில் அது கிரகணங்களுக்கு ஒத்துவரும்படி அமைந்தது. அட்டமியை ஒட்டி அடங்காது. அந்நாட்களில் இரண்டு பஞ்சாங்கங்களுக்கும் 5, 6 மணித்தியாலம்வரை வேறுபாடு வரலாம். திவசம் ஒரு நாள் முன்பின்னாவது பெரும்பாலும் இங்கேதான்.

கடிகாரமும் ஒரு குழப்பம் சேர்த்தது. இலங்கை நேரம் 1996 மேயில் கிரீனிச்சைவிட ஆறரை மணித்தியாலம் முந்தியதாகவும், அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறு மணித்தியாலமாகவும் மாற்றப்பட்டு, 2006 ஏப்ரல் 15இல் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே நடந்தது. அக்காலத்தில் பிறந்தவர்களின் நேரத்தை எந்தக் கடிகாரம் காட்டியது என்று கேட்காமல் சாதகம் கணிக்க முடியாது. புலம்பெயர்ந்தோருக்கும் இதே கவனம் வேண்டும். திதி உலகெங்கும் ஒரே கணத்தில் மாறுகிறது. யாழ்ப்பாணத்தில் காலை 6 மணிக்குத் தொடங்கும் திதி ரொறன்ரோவில் கோடையில் முதல்நாள் இரவு 8.30க்கே தொடங்கிவிடும். ஊர்ப் பஞ்சாங்கத்தின் திகதியை அப்படியே அங்கே எடுத்துக்கொண்டால் நாள் தவறக்கூடும்.

ஆகவே வீட்டில் ஒரு பிறப்போ இறப்போ நிகழ்ந்தால் நான்கு விவரங்களை எழுதிவையுங்கள்: ஆங்கிலத் திகதி, கடிகார நேரம், ஊர், எந்தப் பஞ்சாங்கம். இவை நான்கும் இருந்தால் எந்தக் கணிதராலும் எந்த நாட்டிலும் திதியைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியும். பாடசாலை விஞ்ஞான மன்றங்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். குடாநாட்டில் தெரியக்கூடிய அடுத்த சந்திர கிரகணத்தின்போது இரண்டு பஞ்சாங்கங்களையும் ஒரு சரியான கடிகாரத்தையும் கையில் எடுத்துக்கொண்டு மாணவர்கள் வெளியே வரட்டும். தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் குறித்து, எது எத்தனை நிமிடம் பிசகியது என்று எழுதட்டும். கணித்தவரின் உழைப்புக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அவர் கணக்கைச் சரிபார்ப்பதுதான்.